உறை மோரும் ஸ்பைடர்மேனும்

'இப்போது என்ன படிக்கிறீர்கள், என்ன பார்க்கிறீர்கள்' என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதிலில் கொஞ்சம் பொய் இருக்கும். படிப்பதாகச் சொல்லும் புத்தகம் தலைமாட்டில் நாற்பதாம் பக்கத்தோடு கவிழ்ந்து கிடக்கிறது. உண்மையில் மூன்று மாதமாக நான் செய்வது இரண்டே காரியம். இரவு பத்து மணிக்கு மேல் வீடியோ கேமில் ஸ்பைடர்மேனாகி நியூயார்க்கின் மன்ஹாட்டன் முழுக்கத் தொங்கித் திரிகிறேன். கட்டைவிரல் வலித்தால் கன்ட்ரோலரை வைத்துவிட்டு டேர்டெவில் தொடரைப் பார்க்கிறேன். இரண்டுமே புதிதல்ல. கேம் 2018 செப்டம்பரில் வந்தது, தொடர் 2015 ஏப்ரலில் தொடங்கியது. ஊரே சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பந்திக்கு வருவது எனக்குப் பழக்கம்தான். வயது நாற்பத்திரண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் பின்னூட்டத்தில் யாரும் கேட்க வேண்டாம்.

போன மாதம் ஒரு இரவு, இந்த இரண்டுக்கும் நடுவே வேறொன்று நுழைந்துவிட்டது. அதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். எழுதினால் நான் நல்லவனாகத் தெரியப்போவதில்லை. எழுதாமல் இருந்தால் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சரி, எங்கிருந்து தொடங்க வேண்டுமோ அங்கிருந்தே வருகிறேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் சார்ஜர் வாங்கப் போன நான், பழைய பி.எஸ். 4 (பிளேஸ்டேஷன்) கேம் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். இதற்கு வீட்டில் சொன்ன காரணம் மகள். உண்மையான காரணம், வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காகக் கடைக்காரர் அதில் போட்ட டிஸ்க். திரையில் ஒருவன் கட்டட உச்சியிலிருந்து தலைகீழாகக் குதித்தான். தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது வலையை வீசி, கார்களின் கூரையை உரசிக்கொண்டு மேலே ஏறினான். எனக்கு வயிற்றுக்குள் ராட்டினத்தில் போவது போல ஒரு குழைவு. பேரம் பேசவே மறந்துபோனேன்.

இதற்கு ஒரு பழைய ஏக்கமும் உண்டு. 2002-இல் வந்த ஸ்பைடர்மேன் கேமில் வலை எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தால் ஆகாயத்தில் ஒட்டும். சுற்றிலும் ஒரு கட்டடமும் இல்லாத இடத்தில்கூட மேகத்தைப் பிடித்துத் தொங்கலாம். 2004-இல் அடுத்தது வந்தபோது வலை நிஜமாகவே கட்டடங்களில் ஒட்டுகிறது, நகரம் முழுவதும் போகலாம் என்று கல்லூரி விடுதியில் ஒரே பேச்சு. நாங்கள் நான்கு பேர் காசு போட்டு பர்மா பஜாரில் சிடி வாங்கி வந்தோம். அந்த அதிசயமெல்லாம் பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்கு வந்த பதிப்பில். கணினிக்கு வந்தது அதே பெயரில் தனியாகச் செய்த வேறொரு எளிய கேம். குறித்து வைத்த இடங்களில் மட்டும்தான் வலை வீசலாம். விசாரிக்காமல் வாங்கியது எங்கள் தப்பு. ஆனால் தொங்கி ஆட வேண்டும் என்ற ஆசை இருபது வருடத்துக்கு மேல் உள்ளுக்குள்ளேயே கிடந்திருக்கிறது போலும்.

இப்போது அது தீர்ந்தது. தீர்ந்தது என்றால் எப்படி! ஆர்2 பொத்தானை அழுத்திப் பிடித்தால் வலை போய்ப் பக்கத்துக் கட்டடத்தைப் பிடிக்கும். ஊஞ்சல் தாழ வந்து மேலேறத் தொடங்கும் நொடியில் விட்டால் முன்னால் பாய்ச்சல், உச்சிக்குப் போய் விட்டால் உயரம். ஊஞ்சலாடிய எந்தக் குழந்தைக்கும் தெரிந்த கணக்குதான். சென்ட்ரல் பார்க்குக்குள் நுழைந்தால் கட்டடம் இல்லை, மரங்களைப் பிடித்துத் தாழ்வாகத்தான் போக முடியும். காலடியில் நாய் நடத்திப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பீட்டர் பார்க்கர், அதாவது முகமூடி இல்லாத ஸ்பைடர்மேன், ஒளித்து வைத்து மறந்துபோன பழைய பைகள் 55, ஒரு வீடற்ற மனிதரிடமிருந்து பறந்துபோன புறாக்கள் 12. எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் ஒரு ஃபைலை இத்தனை ஈடுபாட்டோடு நான் தேடியதில்லை.

பிரதான கதையையும் முடித்தேன். இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஊரெல்லாம் நோய் பரவிக் கிடக்கும்போது பீட்டர் கையில் ஒரு சொட்டு மருந்து. அதைத் தன்னை வளர்த்த மே அத்தைக்குக் கொடுத்தால் அவர் பிழைப்பார், ஆனால் மற்றவர்களுக்கு மருந்து தயாரிக்க மாதிரி மிஞ்சாது. அவன் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் அழுத்துவதற்கு நம்மிடம் எந்தப் பொத்தானும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். (அத்தை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். மேயின் கணவர் பென், பீட்டருடைய அப்பாவின் அண்ணன். நம் முறைப்படி பார்த்தால் அவர் மனைவி பெரியம்மா.) நள்ளிரவில், கால் மேல் போர்வையோடு, ஓசை வராமல் அழுதேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கதை முடிந்த பிறகும் நகரம் இருக்கும். அதுதான் இந்த கேமின் சூட்சுமம். தொங்கிக்கொண்டு போகும்போதே போலீஸ் வானொலி கரகரக்கும்: இன்ன தெருவில் கொள்ளை, இன்ன இடத்தில் கார் துரத்தல். வரைபடத்தில் ஒரு குறி மின்னும். போய் அடித்து, கட்டி, சுவரில் ஒட்டிவிட்டு வந்தால் ஒரு வில்லை கிடைக்கும். வில்லைகளைச் சேர்த்தால் புது உடை. மன்ஹாட்டன் ஒன்பது பேட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு பேட்டையிலும் குற்றங்களுக்கு ஓர் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை நிறைந்ததும் அந்தப் பேட்டையில் எனக்கு வேலை முடிந்துவிடும். குற்றம் முடிவதில்லை, வானொலி அதன் பாட்டுக்கு அழைத்துக்கொண்டே இருக்கும். வில்லை கிடைக்காது, அவ்வளவுதான்.

அங்கேதான் நான் மாறிப்போனேன். முதல் வாரம் ஒவ்வொரு அழைப்புக்கும் திரும்பி ஓடியவன், மூன்றாவது வாரம் வானொலி கரகரத்தால் 'சும்மா இருய்யா' என்று வாய்விட்டே சொல்லத் தொடங்கினேன். கீழே யாரோ ஒருத்தி கத்துவாள், நான் அவள் தலைக்கு மேலே அழகாக ஒரு சுழற்று சுழன்று போவேன். அது வெறும் நிரல், அங்கே யாரும் இல்லை, தெரியும். ஆனாலும் முதல்முறை அப்படித் தாண்டிப் போனபோது ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இருபதாவது முறை அது இல்லை.

காதுக்காரன்

டேர்டெவில் பற்றித் தெரியாதவர்கள் குறைவு, அதனால் சுருக்கமாக. ஒன்பது வயதில் ஒரு விபத்தில் கண் போன மேட் மர்டாக், பகலில் வக்கீல், இரவில் முகமூடி. கண்ணுக்குப் பதிலாக அவனுக்கு மற்ற புலன்கள் கூர்மை. முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில் வரும் தாழ்வாரச் சண்டையைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். வெட்டே இல்லாத ஒரே ஓட்டமாகத் தெரியும் காட்சி. எனக்கு அதில் பிடித்தது சண்டையில் அவன் களைத்துப்போவதுதான். ஓர் அடி கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான். அடி வாங்கியவனும் எழ முடியாமல் எழுகிறான். கடைசியில் உள்ளே அடைத்து வைத்திருந்த சிறுவனைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வெளியே போகிறான். ஸ்பைடர்மேனுக்கு மூச்சு வாங்குவதே கிடையாது, என் கட்டைவிரல்தான் வலிக்கும்.

மூன்று சீசன், 39 எபிசோடுகள். வில்லன் வில்சன் ஃபிஸ்க்காக வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோ முட்டை வதக்குவதைக்கூட அச்சத்தோடு பார்க்க வைத்தார். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் என் மண்டைக்குள் தங்கிவிட்டது அதிலெல்லாம் இல்லை, முதல் சீசனின் பத்தாவது எபிசோடில் வரும் ஒரு பேச்சு. மேட்டின் ரகசியம் நண்பன் ஃபாகிக்குத் தெரிந்துவிடுகிறது. ஏன் இதைத் தொடங்கினாய் என்று கேட்கிறான். மேட் சொல்கிறான்: ராத்திரி படுத்தால் நகரம் முழுக்கக் காதில் விழும். சைரன், சண்டை, அழுகை. அதில் தெருக்கோடியில் ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெண்ணின் அழுகை. இரவில் அவள் அறைக்கு அவளுடைய அப்பனே வருகிறான். மேட் குழந்தைகள் நலத் துறைக்குப் போன் செய்கிறான். அவளுடைய அம்மா நம்ப மறுக்கிறாள், சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருநாள் அந்த ஆளை ரயில் யார்டில் மடக்கி அடித்துப் போடுகிறான். ஒரு மாதம் அவன் ஆஸ்பத்திரியில். அன்றைக்கு மேட் தூங்கியதைப் போல் என்றும் தூங்கியதில்லையாம்.

முதல்முறை பார்த்தபோது சரியான அடி என்றுதான் தோன்றியது. பல் துலக்கும்போதுதான் கவனித்தேன், அவன் சொல்லும் கதையில் அதற்குப் பிறகு அந்தச் சின்னப் பெண் வரவே இல்லை. அப்பன் ஆஸ்பத்திரியில், இவனுக்குத் தூக்கம். அவள்?

பதினொன்றே கால்

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில், ஒரு மாடிக்கு இரண்டு வீடு என்று கட்டிய சின்ன அடுக்ககத்தில், இரண்டாவது மாடி. லிப்ட் இருக்கிறது, பாதி நாள் இருக்காது. எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருக்கிறார். எங்கள் தலைக்கு மேல் வீட்டில் ஓர் இளம் தம்பதி, கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். அவர் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். தண்ணீர் மோட்டார் பழுதானால் அவர்தான் முதலில் இறங்கிப் போவார்.

அன்று மனைவி ஊருக்குப் போயிருந்தாள். மகள் தூங்கிவிட்டாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன். கேமின் மன்ஹாட்டனில் எங்கோ ஒரு வாசலில் 'நெல்சன் அண்டு மர்டாக், வழக்கறிஞர்கள்' என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. டேர்டெவிலின் அலுவலகம். ஸ்பைடர்மேன் கேமரா வைத்திருக்கிறான், அதைப் படமெடுத்தால் ஒரு சின்ன மகிழ்ச்சி, அவ்வளவுதான். இருக்கும் இடத்தை இணையத்தில் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட சத்தியம். ஹெல்ஸ் கிச்சன் பேட்டையில்தான் இருக்க வேண்டும் என்று அனுமானித்து, தெருத் தெருவாகத் தரையில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். வானொலி கரகரத்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தோளில் ஒரு தட்டு. மகள். பதினோரு வயது, தூக்கக் கலக்கம், தலையணையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஹெட்போனைக் கழற்றினேன்.

"அப்பா, மேல அக்கா அழறாங்க. ரொம்ப நேரமா."

எவர்சில்வர் பாத்திரம் ஒன்று விழுந்து தரையில் சுழன்று சுழன்று அடங்கும் ஓசை கேட்டது. அப்புறம் ஏதோ கனமானது சுவரில் மோதியது. ஓர் ஆண் குரல், வார்த்தை புரியவில்லை. ஒரு பெண் குரல் எழும்பிப் பாதியில் நின்றது. அந்தப் பாதியில் நிற்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மகளின் அறைக்கு நேர் மேலே அவர்கள் அறை. 'ரொம்ப நேரமா' என்றால் எவ்வளவு நேரம்? இன்றைக்கு மட்டுமா? நான் கேட்கவில்லை.

"நீ போய்ப் படு, அப்பா பாத்துக்கிறேன்" என்றேன். அவள் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். நான் எழுந்து வாசல் கதவு வரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அந்த ஒரு நிமிடத்தில் என் மூளை எத்தனை வேலை செய்தது! கதவைத் தட்டினால் என்ன சொல்வது? 'என்ன சார் சத்தம்' என்றா? அவர் 'ஒண்ணுமில்ல சார்' என்றால்? நாளைக்கு மோட்டார் ரூமில் அவரை எப்படிப் பார்ப்பது? நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் செயலாளருக்குச் சொல்லலாமா, இந்த நேரத்தில் விழித்திருப்பாரா? பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யலாமா, முகவரி கேட்பார்களே, நம் பெயர் வெளியே வருமா? புருஷன் பெண்டாட்டி சண்டை, நாளைக்குச் சேர்ந்துகொள்வார்கள், நாம் கெட்டவனாவோம். ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. ஒரு வக்கீல் வைத்து வாதாடினால்கூட இத்தனை அழகாக வாதாடியிருக்க மாட்டார்.

அப்போது வெளியே எதிர் வீட்டுக் கதவு திறந்தது. செருப்பு ஓசை. அன்றைக்கு லிப்ட் இல்லை. அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்துத்தான் ஏறுவார். படி, செருப்பு. படி, செருப்பு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். மேலே அழைப்பு மணி அடித்தது. எல்லாச் சத்தமும் ஒரே வெட்டில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"உறை மோர் இருக்குமாம்மா? காய்ச்சின பாலு அப்படியே ஆறிக் கெடக்கு, எங்க வீட்ல துளி மோர் இல்ல."

இரவு பதினொன்றே காலுக்கு உறை மோர்! அந்த ஆள் ஏதோ சொன்னார். "பரவால்லப்பா, இருக்கறதைக் குடுங்க, நான் உக்காந்து வாங்கிட்டுப் போறேன், கால் வலிக்குது" என்று அந்த அம்மா உள்ளே போவது கேட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் அவர் கீழே வரவில்லை. அதற்குள் மகள் தூங்கிவிட்டாள். டிவியில் ஸ்பைடர்மேன் ஹெல்ஸ் கிச்சன் நடைபாதையில் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

குயின்ஸ், 1964

அடுத்த சில நாட்கள் நான் தொடரும் பார்க்கவில்லை, கேமும் ஆடவில்லை. நல்ல பிள்ளையாகப் படிக்கலாம் என்று வாட்ச்மென் காமிக்ஸை எடுத்தேன். 2019-இல் வந்த தொடரைப் பார்த்த ஜோரில் வாங்கி, இதுவும் பாதியில் நின்றுபோனதுதான். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வந்து நின்றால் என்ன செய்வது? அதில் ரோர்ஷாக் என்றொரு முகமூடிக்காரன். தையல் கூடத்தில் வேலை பார்க்கும்போது, ஒரு பெண் ஆர்டர் கொடுத்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று வாங்காமல் போன துணி அவனிடம் வந்து சேர்கிறது. பிறகு அந்தப் பெண் கொலையானதைப் பேப்பரில் படிக்கிறான். அந்தத் துணியில்தான் தன் முகமூடியைச் செய்துகொள்கிறான். கற்பனைப் பாத்திரம், ஆனால் அந்தப் பெண் கற்பனை அல்ல. கிட்டி ஜெனோவீஸ், 28 வயது, 1964 மார்ச் 13 அதிகாலையில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் தன் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே குத்தப்பட்டவர்.

இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. 38 அண்டை வீட்டார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்ற தொனியில். அதிலிருந்துதான் 'பத்துப் பேர் பார்த்தால் ஒருவரும் போக மாட்டார்கள்' என்ற ஆராய்ச்சியெல்லாம் கிளம்பியது, பாடப்புத்தகத்தில் ஏறியது. ரோர்ஷாக்கும் அதைப் படித்துத்தான் மனித குலத்துக்காக வெட்கப்பட்டு முகமூடி போடுகிறான். ஆனால் அந்தச் செய்தி மிகைப்படுத்தியது. கொலையாளி சிறையில் இறந்த 2016-இல் அந்தப் பத்திரிகையே தன் பழைய செய்தியில் கோளாறு இருந்ததை ஒப்புக்கொண்டது. முழுவதையும் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஒருவர் ஜன்னலைத் திறந்து கத்தியதில் கொலைகாரன் முதலில் ஓடிப்போயிருக்கிறான், பிறகுதான் திரும்பி வந்தான். இன்னொருவர், பக்கத்து வீட்டுப் பெண், சோஃபியா ஃபாரர். கொலைகாரன் அங்கேயே இருக்கிறானா போய்விட்டானா என்று தெரியாமல் கீழே ஓடி, படிக்கட்டு அடியில் கிடந்த கிட்டியை ஆம்புலன்ஸ் வரும்வரை மடியில் ஏந்திக்கொண்டிருந்தவர்.

அந்த முதல் பக்கக் கதையில் சோஃபியா ஃபாரருக்கு இடமில்லை. ஒருத்தி இறங்கி வந்தாள் என்று எழுதினால் கதை அத்தனை பயங்கரமாக இருக்காதே! எனக்கு இன்னொன்றும் தோன்றியது, இது என் சொந்த வயிற்றெரிச்சலாகவும் இருக்கலாம். ஒருவருமே போகவில்லை என்பது ஒருவகையில் மற்ற எல்லோருக்கும் ஆறுதலான கதை. மனிதர்கள் அப்படித்தான், கூட்டத்தின் இயல்பு அது, ஆராய்ச்சியே சொல்கிறது என்று தோளைக் குலுக்கிவிடலாம். முழங்கால் வலியோடு ஓர் ஆள் படி ஏறிப் போய்விட்டால் அந்த ஆறுதல் கிடைக்காது.

பிறகு 2025-இல் திரும்பி வந்த டேர்டெவிலையும் பார்த்தேன். அதில் முதல் எபிசோடிலேயே நண்பன் ஃபாகி சாகிறான், மேட் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வக்கீலாக மட்டும் இருக்கிறான். அந்த நிலையில் ஹெக்டர் அயாலா என்பவருடைய வழக்கு வருகிறது. சுரங்க ரயில் நிலையத்தில் இரண்டு பேர் ஒருவனை அடிக்கிறார்கள். அயாலா குறுக்கே போகிறார். அடித்தவர்கள் மஃப்டியில் இருந்த போலீஸ். தள்ளுமுள்ளில் ஒருவர் ரயிலில் அடிபட்டுச் சாக, கொலை வழக்கு. மேட் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுக்கிறான். வெளியே வந்த அன்றே அயாலாவைச் சுட்டுவிடுகிறார்கள். அயாலாவாக நடித்த கமர் டி லோஸ் ரெயெஸ் தொடர் வெளியாகும் முன்பே, 2023 டிசம்பரில் இறந்துபோனவர் என்பது தெரிந்து பார்த்ததால் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மற்றபடி அந்த சீசன் ஏற்ற இறக்கமானது, ஒட்டுப்போட்டுத் தைத்தது தெரிகிறது. இரண்டு எபிசோடுகளுக்கு நீளும் இந்த வழக்கு மட்டும் தனியாக நிற்கிறது. பார்த்து முடித்ததும் எனக்குள் இருந்த அந்த வக்கீல் மறுபடி எழுந்தான். 'பார்த்தாயா, குறுக்கே போனால் இதுதான் கதி' என்றான். அவனுக்கு எது கிடைத்தாலும் சாட்சியம்தான்.

மோர் தம்ளர்

அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது. கேஸ் சிலிண்டர் மாற்றித் தர வேண்டுமா என்று கேட்கப் போவதுபோல் போனேன். வாரம் ஒருமுறை கேட்பதுதான். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது பார்த்தேன், மேல் தட்டில் மூடி போட்ட பெரிய பாத்திரம் நிறையத் தயிர். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மோர். அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். தனியாக இருந்தாலும் தயிரில்லாமல் அந்த வீடு இருந்ததே இல்லை.

"அன்னிக்கு ராத்திரி மேல போனீங்களேம்மா" என்று இழுத்தேன்.

"ஆமா தம்பி, மோர் கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, உக்காந்திருந்தேன். எங்க ஊரு கதையெல்லாம் சொன்னேன். அந்தப் பையனுக்குக் கொட்டாவி வந்துடுச்சு, போய்ப் படுத்துட்டான். அவகிட்ட, கதவைத் தட்டுனா நான் முழிச்சுப்பேன், எத்தன மணியானாலும் தட்டுன்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் காபியைக் குடித்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "நான் தூங்கிட்டேம்மா அன்னிக்கு, காலைலதான் பாப்பா சொன்னா" என்றேன். சொன்ன பொய்களிலேயே அற்பமானது இது. அந்த அம்மா தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பியபடியே, எந்தக் குத்தலும் இல்லாமல், வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்: "அப்படியா. டிவி வெளிச்சம் கதவடியில தெரிஞ்சுது. வெளிச்சத்துக்கு நடுவுல ரெண்டு கால் நெழலும் இருந்துச்சு. யாரோ நிக்கறாங்க, கூட வருவாங்களாக்கும்னு நெனச்சேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிலிண்டரில் இன்னும் பத்து நாளைக்கு வரும் என்றார். நான் வந்துவிட்டேன்.

பெரியம்மாவுக்கு மருந்து கொடுக்காமல் ஊருக்குக் கொடுத்தவனுக்காகப் போர்வைக்குள் அழுதவன்தான் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவனும். இதில் முரண் இருப்பதாகக்கூட எனக்கு அப்போது தெரியவில்லை. ஒருவேளை அந்த அழுகையே ஒரு வில்லை மாதிரிதானோ, சேர்த்து வைத்துக்கொண்டு நான் இளகிய மனசுக்காரன் என்று உடை மாற்றிக்கொள்ள?

மறுபடி கேமைத் திறந்தபோது ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். வானொலி கரகரத்தால் விடாமல் ஒவ்வொன்றுக்கும் போவது என்று முடிவெடுத்தேன். வில்லை வருகிறதோ இல்லையோ. ஒன்றை முடித்தால் அடுத்தது, அதை முடித்தால் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம், சைனா டவுனை விட்டு நான் வெளியே வரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்த மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க அங்க இருக்கறதாலதான் அது வருது. நீங்க வேற எங்கயாவது போனா அங்க வரும்" என்றாள். சரிதான். இந்த கேமில் குற்றம் நம்மைச் சுற்றித்தான் முளைக்கும். நாம் இல்லாத தெருவில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. திருடனும் திருட்டுக் கொடுப்பவளும் நாம் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள், தாண்டிப் போய்விட்டால் கரைந்துபோவார்கள். அவள் அதை விளையாட்டின் விதியாகச் சொன்னாள், சொல்லிவிட்டுப் பொரியைத் தொடர்ந்தாள். மேல் அறையில் அக்கா அழுவது எத்தனை நாளாக அவளுக்குக் கேட்டது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து" என்றாள். "ஏன் எங்ககிட்ட சொல்லல?" "உங்களுக்கும் கேக்குதுன்னு நெனச்சேன்."

மேல் வீட்டுக்காரர் இப்போதும் மோட்டார் ரூமில் வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். சத்தம் அதற்குப் பிறகு வரவில்லை, வந்தால் என்ன செய்வேன் என்று இங்கே வீராவேசமாக எழுத எனக்குத் தகுதி இல்லை. 181-ஐயும் குழந்தைகளுக்கான 1098-ஐயும் போனில் சேமித்து வைத்திருக்கிறேன், மனைவியும் வைத்திருக்கிறாள். அவள் ஊரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், நிழல் விஷயம் உட்பட. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் இருந்திருந்தா போயிருப்பேனான்னு யோசிக்கிறேன்" என்றாள், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வரும்போது, மேல் வீட்டுப் பெண் எதிர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளர். என்னைப் பார்த்துப் பாதிச் சிரிப்பாகச் சிரித்து, "மோர் வாங்க வந்தேன்" என்றாள், நான் கேட்காமலேயே. கதவு திறந்தது, உள்ளே போனாள். எட்டரைக்குத்தான் திரும்பினாள்.

நெல்சன் அண்டு மர்டாக் பலகை இன்னும் கிடைக்கவில்லை. ராத்திரி ஆடும்போது ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். மன்ஹாட்டன் பாதிதான் கேட்கிறது, ஊஞ்சலில் பழைய சுகம் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் ஓடுவதும், கீழே காவலாளி இருமுவதும், மகள் தூக்கத்தில் புரள்வதும் கேட்கிறது.